கிரைண்டரில் நாய் நகம் தேய்ப்பது: சத்தம், சூடு, முடி, அப்புறம் அந்தக் கறுப்பு நகம்

நகம் வெட்டும் கிளிப்பரை விட்டுவிட்டு, சுழன்று நகத்தைத் தேய்க்கும் சின்ன மெஷினான கிரைண்டருக்கு மாறினால் ரத்தமே வராது என்று யாராவது சொன்னால் பாதியை மட்டும் நம்புங்கள். ரத்தம் வரும் வாய்ப்பு குறையும், அது உண்மைதான். கிளிப்பர் ஒரே அழுத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டரை எடுத்துவிடும், கிரைண்டர் தூள் தூளாகத்தான் எடுக்கும், அதனால் நடுவில் நிறுத்தி எட்டிப் பார்க்க அவகாசம் கிடைக்கும். ஆனால் கூடவே மூன்று புதுத் தொல்லைகள் வரும்: சத்தம், சூடு, சுற்றிக்கொள்ளும் முடி. இவற்றைச் சமாளிக்கத் தெரிந்துகொண்டால் கறுப்பு நகமுள்ள நாய்க்குக்கூட வீட்டிலேயே நகம் குறைக்கலாம். தெரியாமல் இறங்கினால் முதல் நாளே நாய் கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும், அதற்கப்புறம் அந்த மெஷின் இருக்கும் இழுப்பறையைத் திறந்தாலே ஓடும்.

முதலில் நகத்துக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். வெளியே கடினமான ஓடு, உள்ளே நடுவில் ரத்தக்குழாயும் நரம்பும் ஓடும் சதை. அதுதான் நகக்கண். வெள்ளை நகத்தில் இளஞ்சிவப்பாக வெளியிலிருந்தே தெரியும். கறுப்பு நகத்தில் எதுவும் தெரியாது, டார்ச் அடித்துப் பார்த்தாலும் பெரும்பாலும் தெரியாது. இன்னொரு விஷயம், நகம் நீள நீள நகக்கண்ணும் கூடவே நீண்டுகொண்டு வரும். மாதக்கணக்கில் கவனிக்காமல் விட்ட நகத்தை ஒரே உட்காரலில் குட்டையாக்க முடியாததற்குக் காரணம் இதுதான். ஆனால் நுனியை நகக்கண்ணுக்குக் கொஞ்சம் முன்னால் வரை அடிக்கடி தேய்த்துக்கொண்டே வந்தால் அது மெல்லப் பின்வாங்கும். கிரைண்டரின் உண்மையான லாபம் அங்கேதான் இருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி செய்வதற்கு இதைவிடத் தோதான கருவி கிடையாது. ஒரே நாளில் அழகாக்கிவிட வேண்டும் என்று நினைப்பவர்களுக்குத்தான் இதில் ஏமாற்றம்.

எவ்வளவு குட்டையாக இருக்க வேண்டும்? பெரும்பாலான நாய்களுக்கு ஒரு எளிய அளவு: சமதரையில் சாதாரணமாக நிற்கும்போது நகம் தரையைத் தொடக்கூடாது. தொட்டால் ஒவ்வொரு அடியிலும் தரை நகத்தை மேலே தள்ளும், விரல் பக்கவாட்டில் திரும்பும், நாய் அதைத் தவிர்க்க நிற்கும் விதத்தையே மாற்றிக்கொள்ளும். வழுவழுப்பான தரையில் பிடிப்பும் குறையும். மூட்டுவலி உள்ள வயதான நாய்க்கு இது பெரிய கஷ்டம்.

எந்த மெஷின்

கடையில் இரண்டு வகை இருக்கும். ஒன்று, செல்லப்பிராணிகளுக்கென்றே செய்த சின்னக் கிரைண்டர். வைரத்தூள் பூசிய சிறு உருளை, அதன்மேல் ஓட்டை போட்ட ஒரு மூடி, குறைவான சத்தம், குறைவான சக்தி. சின்ன நாய்க்கும் நடுத்தர நாய்க்கும் இது போதும். பெரிய நாயின் தடித்த நகத்தில் வைத்தால் திணறும். திணறினால் அதிக நேரம் அழுத்திப் பிடிப்பீர்கள், அதிக நேரம் பிடித்தால் சூடாகும். இன்னொன்று, பட்டறை வேலைக்கு வைத்திருக்கும் டிரெமல் மாதிரியான சுழல் கருவி. அதன் நுனியில் உப்புத்தாள் சுற்றிய டிரம் மாட்டிக்கொள்ளலாம். சக்தி தாராளம், அதனால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் வேகம் மாற்றும் வசதி கட்டாயம் வேண்டும். இந்த வகையில் சில கருவிகள் நிமிடத்துக்கு 30,000 சுற்றுக்கும் மேலே போகும், நமக்கு அதில் மூன்றில் ஒரு பங்கே தாராளம். குறைந்த வேகத்தில் தொடங்கிப் பழகுங்கள்.

உப்புத்தாளில் 100 அல்லது 120 கிரிட் நன்றாக இருக்கும் (கிரிட் என்பது தாளின் சொரசொரப்பைச் சொல்லும் எண், எண் குறைந்தால் சொரசொரப்பு அதிகம்). 60 கிரிட் சீக்கிரம் எடுக்கும், ஆனால் நகம் முழுக்க அதிரும், நாய்க்குப் பிடிக்காது. தேய்ந்துபோன டிரம்மை மாற்றாமல் வைத்து ஓட்டுவது தப்பான சிக்கனம். மழுங்கிய தாள் நகத்தை எடுக்காது, வெறுமனே உரசிச் சூடேற்றும். அதேபோல் பேட்டரி மெஷினை முழுக்கச் சார்ஜ் செய்துவிட்டுத் தொடங்குங்கள், பாதியில் வேகம் தளர்ந்தால் நகத்தில் சிக்கிச் சிக்கி இழுக்கும்.

அந்த ஓட்டை போட்ட மூடி எனக்கு ஒத்துவரவில்லை. உள்ளே நகத்துக்கு என்ன ஆகிறது என்று பார்க்க முடியாது, கறுப்பு நகத்தில் பார்ப்பதுதான் எல்லாமே. முடி அடர்ந்த நாயை வைத்திருப்பவர்களும், கை நடுங்குகிறதே என்று பயப்படுபவர்களும் வேண்டுமானால் கொஞ்ச நாள் மூடியோடு பழகலாம்.

மற்றபடி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டியவை: நல்ல வெளிச்சம், வழுக்காத ஒரு விரிப்பு, நகத்தூள் கண்ணிலும் மூக்கிலும் போகாமல் இருக்கக் கண்ணாடியும் மாஸ்க்கும், ரத்தம் வந்தால் வைக்க ஸ்டிப்டிக் பவுடர், அப்புறம் நாய் உயிரை விடும் அளவுக்குப் பிடித்த ஏதாவது தின்பண்டம். நாற்றத்தையும் சொல்லிவிடுகிறேன், முடி கருகுவது மாதிரி ஒரு வாடை வரும், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். வாடை ரொம்பத் தூக்கலாக இருந்தால் சூடு அதிகம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மெஷினை நாய்க்கு அறிமுகப்படுத்துவது

இந்தக் கட்டத்தைத் தாண்டிக் குதிக்கத்தான் எல்லோருக்கும் ஆசை. ஆனால் உண்மையில் வேலையே இதுதான், தேய்ப்பது அப்புறம் தானாக வந்துவிடும்.

நம் காது ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், நாயின் காது 45,000 ஹெர்ட்ஸ் வரை போகும். ஆகவே பெட்டியில் 'சத்தமில்லாதது' என்று போட்டிருந்தால் அது நம் காதுக்கான விளம்பரம். நமக்கு லேசான ரீங்காரமாகக் கேட்பதோடு நமக்குக் கேட்கவே கேட்காத ஒரு கீச்சொலியும் அதற்குச் சேர்ந்து கேட்கக்கூடும். நாய் ஓவராக நடிக்கிறது என்று நினைக்காதீர்கள்.

இரண்டு பழக்கங்களைத் தனித்தனியாகத் தொடங்குங்கள். ஒரு பக்கம், மெஷின் இல்லாமல் வெறும் கையால் பாதத்தைத் தொடுவது, ஒவ்வொரு விரலாகப் பிடித்து விடுவது, நகத்தை லேசாக அழுத்துவது, ஒவ்வொன்றுக்கும் ஒரு தின்பண்டம். நகம் வெட்டாத நாட்களிலும் இதைச் செய்யுங்கள், இல்லாவிட்டால் பாதத்தில் கை வைத்தாலே ஏதோ நடக்கப்போகிறது என்று கண்டுபிடித்துவிடும். மறுபக்கம், மெஷினை அணைத்தபடியே தரையில் வைத்து, நாய் மோந்து பார்க்கட்டும், பார்த்தால் தின்பண்டம். அது சலித்துப்போய் கண்டுகொள்ளாத நிலைக்கு வந்ததும், அறையின் மறுகோடியில் யாரையாவது மெஷினைப் போடச் சொல்லுங்கள். சத்தம் தொடங்கியதும் தின்பண்டம் வர வேண்டும், சத்தம் நின்றதும் அதுவும் நிற்க வேண்டும். வரிசையை மாற்றிவிடாதீர்கள். முதலில் தின்பண்டத்தைக் காட்டி அழைத்துவிட்டு அப்புறம் மெஷினைப் போட்டால், தின்பண்டம் வந்தாலே ஆபத்து என்றுதான் அது கற்றுக்கொள்ளும், கடைசியில் நல்ல தின்பண்டத்தின் மேலும் சந்தேகம் வந்துவிடும்.

தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்து, ஒரு கையில் மெஷின் ஓடும்போது மறுகையில் பாதத்தைப் பிடிக்கும் நிலைக்கு வாருங்கள். அடுத்து, ஓடும் மெஷினின் பின்பக்கத்தை, அதாவது கைப்பிடியை, தோளிலும் காலிலும் கடைசியாக நகத்திலும் லேசாக வைத்து எடுங்கள். அதிர்வு வேறு, சத்தம் வேறு, இரண்டுக்கும் தனித்தனியாகப் பழக வேண்டும். இதெல்லாம் சரியாகப் போனால் ஒரு நாள் ஒரே ஒரு நகத்தில் ஒரு விநாடி தேயுங்கள், பெரிய விருந்து வையுங்கள், மெஷினை அணைத்துவிட்டு எழுந்து போய்விடுங்கள். 'அதான் நன்றாக நிற்கிறதே, இன்னும் ரெண்டு நகம் முடித்துவிடலாம்' என்ற எண்ணம் அப்போதுதான் வரும். வேண்டாம்.

சில நாய்கள் இரண்டு மூன்று நாளில் தயாராகிவிடும், சில நாய்களுக்கு வாரக்கணக்கில் ஆகும். ஏற்கெனவே கிளிப்பரில் அடிபட்ட நாய்க்கு இன்னும் கூடுதலாக. உதட்டை நக்குவது, காரணமில்லாமல் கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, வாலை ஒடுக்குவது, திடீரென்று கல்லாய்ச் சமைந்து நிற்பது எல்லாமே 'போதும்' என்பதற்கான அடையாளங்கள். கடைசியாகச் சொன்னதைத்தான் நிறைய பேர் 'சமத்தாக நிற்கிறது' என்று தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். உறுமினால் திட்டாதீர்கள், மெஷினை எடுத்துவிட்டு இரண்டு படி பின்னால் போய்த் தொடங்குங்கள். உறுமலை அதட்டி அடக்கிய நாய் அடுத்த முறை எச்சரிக்காமல் நேராகக் கடிக்கும். இரண்டு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடித்து முடித்துவிடலாம் என்ற யோசனையும் ஒரு தடவைதான் பலிக்கும்.

நக்கிக்கொண்டே இருக்கட்டும் என்று வேர்க்கடலை வெண்ணெயை ஒரு தட்டில் தடவி வைப்பவர்கள் உண்டு, நல்ல உத்திதான். வாங்கும்போது அதில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று லேபிளைப் பாருங்கள், அது நாய்க்கு நஞ்சு.

பிடிக்கும் விதம்

நாய் ஒருக்களித்துப் படுத்திருந்தால் எல்லோருக்கும் சுலபம். படுக்காத நாயை நிற்க வைத்து, குதிரைக்கு லாடம் அடிக்கும்போது செய்வது போல முன்காலைப் பின்பக்கமாக மடித்துத் தூக்கினால், பாதத்தின் அடிப்பக்கம் உங்களைப் பார்த்து இருக்கும், நகத்தின் அடிப்புறம் நன்றாகத் தெரியும். பின்காலையும் அதன் இயல்பான திசையில், பின்னால்தான் நீட்ட வேண்டும், பக்கவாட்டில் இழுக்கக்கூடாது. நிறைய நாய்கள் நகத்துக்காக அல்ல, இடுப்பு வலிப்பதால்தான் காலை உதறுகின்றன.

தேய்க்கும் விரலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உறுதியாகப் பிடியுங்கள், கட்டைவிரல் அடியிலுள்ள மெத்தைப் பகுதியில், ஆள்காட்டி விரல் நகம் தொடங்கும் இடத்துக்கு மேலே. இறுக்க வேண்டாம், ஆட விடாமல் தாங்கினால் போதும். பிடிப்பு தளர்ந்தால் அதிர்வு முழுக்க விரல் எலும்பில் போய்ச் சேரும், நாய் காலைப் பிடுங்குவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம். மெஷினைப் பிடித்த கையின் சுண்டுவிரலையோ மணிக்கட்டையோ நாயின் காலிலோ உங்கள் மறுகையிலோ ஊன்றிக்கொள்ளுங்கள், நாய் அசைந்தால் இரண்டு கையும் சேர்ந்தே அசையும்.

முடியை மறந்துவிடாதீர்கள். சுழலும் தண்டில் நான்கு முடி சிக்கினால் போதும், ஒரு நொடியில் சுருட்டி இழுத்துவிடும், அந்த வலியை நாய் மறக்கவே மறக்காது. விரல்களுக்கு நடுவிலுள்ள நீள முடியை முன்கூட்டியே நறுக்கிவிடுங்கள், அல்லது ஒரு பழைய நைலான் காலுறையைப் பாதத்தில் மாட்டி, நகங்களை மட்டும் அதைக் குத்திக்கொண்டு வெளியே வரச் செய்யுங்கள், முடி முழுக்க உள்ளே அடங்கிவிடும். பாதத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும்போது நீளக்காது நாயின் காதும், புஸுபுஸு வாலும் மெஷின் பக்கம் வந்துவிடும், அதையும் கவனியுங்கள். உங்கள் தலைமுடி, கழுத்துச் சங்கிலி, தொங்கும் துணி எல்லாவற்றுக்கும் இதே விதிதான்.

தேய்ப்பது

நகம் ரொம்ப நீளம் என்றால் வளைந்த கொக்கி நுனியை மட்டும் கிளிப்பரில் எடுத்துவிட்டு மீதியைத் தேயுங்கள், இல்லாவிட்டால் நேரம் ஆகிக்கொண்டே இருக்கும். மெஷினை நகத்தில் வைத்துவிட்டு ஆன் செய்யாதீர்கள், முதலில் போட்டு, வேகம் பிடித்ததும் மெதுவாகத் தொடுங்கள். டிரம்மின் பக்கவாட்டுதான் நகத்தில் பட வேண்டும், மேல் விளிம்பு பட்டால் பள்ளம் விழும். அழுத்தவே வேண்டாம், தாள் வேலை செய்யும்.

ஒன்றிரண்டு விநாடி தொட்டு எடுத்துவிட வேண்டும். அப்படியே வைத்துக்கொண்டிருந்தால் சூடு உள்ளே நகக்கண் வரை போய்விடும், ரத்தம் வராமலேயே வலிக்கும். சந்தேகமிருந்தால் உங்கள் விரல்நக நுனியில் குறைந்த வேகத்தில் இரண்டு மூன்று விநாடி வைத்துப் பாருங்கள், எவ்வளவு சீக்கிரம் சுடுகிறது என்று ஆச்சரியப்படுவீர்கள். என் யோசனை, ஒரு நகத்தை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டாம். ஒரு பாதத்தின் எல்லா நகங்களிலும் ஒவ்வொரு சுற்று வந்துவிட்டு முதல் நகத்துக்குத் திரும்புங்கள், அதற்குள் அது ஆறியிருக்கும்.

முதலில் அடிப்பக்கத்திலிருந்து சாய்வாக, ஏறக்குறைய 45 பாகைக் கோணத்தில் நுனியைக் குறையுங்கள். பிறகு இரண்டு பக்கமும் முன் விளிம்பையும் உருட்டிவிடுங்கள். கிளிப்பரில் வெட்டினால் கூர்மையாக நிற்குமே அந்த ஓரம், அது இப்போது இருக்காது, சோபாவும் தப்பிக்கும் உங்கள் தொடையும் தப்பிக்கும்.

கறுப்பு நகத்தில் எங்கே நிறுத்துவது என்பதுதான் எல்லோருக்கும் சந்தேகம். பக்கத்திலிருந்து பார்க்காதீர்கள், தேய்த்த முகத்தை நேராகப் பாருங்கள். ஒவ்வொரு தொடுதலுக்குப் பிறகும் தூளைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். தொடக்கத்தில் அந்த முகம் காய்ந்து, சுண்ணாம்பு மாதிரி வெளிறிச் சொரசொரப்பாக இருக்கும். இன்னும் எடுக்க எடுக்க நடுவில் வேறு நிறத்தில் ஒரு சின்ன வட்டம் தோன்றும், சில நாய்களுக்குச் சாம்பல், சிலவற்றுக்குக் கருமை, சுற்றியிருப்பதைவிடக் கொஞ்சம் மினுமினுப்பாகவும் ஈரம் போலவும் இருக்கும். அந்த வட்டம் கண்ணில் பட்டதுமே நிறுத்திவிடுங்கள், இன்னும் கொஞ்சம் உள்ளே நகக்கண் காத்திருக்கிறது. இன்னொரு அடையாளமும் உண்டு. நகத்தைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தால் நுனியில் வாய்க்கால் மாதிரி ஒரு குழிவு தெரியும். அந்தக் குழிவான பகுதி வரை பொதுவாகக் கவலை இல்லை, குழிவு முடிந்து அடிப்பக்கம் நிரம்பித் தடிக்கும் இடத்திலிருந்துதான் எச்சரிக்கை. வெள்ளை நகத்தில் இளஞ்சிவப்புக்கு இரண்டு மில்லிமீட்டர் முன்னால் நின்றுவிடுங்கள்.

நகக்கண் நீண்டுபோன பழைய நகத்துக்குத் தனி வழி இருக்கிறது. நுனியைக் குறைக்க முடியாத நிலையிலும் நகத்தின் மேல்பக்கத்தையும் பக்கவாட்டையும் கொஞ்சம் மெலிதாக்கலாம், பென்சில் சீவுவது போல் நினைக்காமல் மேல்தோலை மட்டும் எடுப்பதாக நினைத்துக்கொண்டு. நகக்கண்ணைத் தொடாமல் அதைச் சுற்றியுள்ள கவசத்தை மட்டும் குறைத்தால் அது சீக்கிரம் பின்வாங்கும். வாரம் ஒருமுறை இப்படிச் செய்து வந்தால் சில வாரங்களில் வித்தியாசம் தெரியும்.

முன்காலின் உள்பக்கம், கொஞ்சம் மேலே, தரையைத் தொடாமல் ஒரு கட்டைவிரல் நகம் இருக்கும், ட்யூ க்ளா என்பார்கள். நடக்கும்போது தேயாததால் அது வளைந்து வளைந்து கடைசியில் சதைக்குள்ளேயே குத்திக்கொள்ளும். முடிக்குள் ஒளிந்திருப்பதால் மறந்துபோவது சகஜம், ஆகவே அதிலிருந்தே தொடங்குங்கள். ஆடும் விரல் என்பதால் இன்னும் உறுதியான பிடி வேண்டும். பின்காலிலும் தடவிப் பாருங்கள், சில நாய்களுக்கு அங்கேயும் இருக்கும், கிரேட் பைரனீஸ், பிரியார்டு மாதிரி இனங்களுக்கு ஒரு காலுக்கு இரண்டுகூட இருக்கும்.

ரத்தம் வந்துவிட்டால்

கிரைண்டரில் வருவது பெரும்பாலும் ஒரு பொட்டு ரத்தம்தான், பதறாதீர்கள், நீங்கள் கத்தினால் நாய் இன்னும் மிரளும். ஸ்டிப்டிக் பவுடரைக் கொஞ்சம் எடுத்து நகத்தின் நுனியில் வைத்து ஒன்றிரண்டு நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். துடைத்துத் துடைத்துப் பார்த்தால் உறைந்ததும் பெயர்ந்துவிடும். பவுடர் இல்லையென்றால் படிகாரத் தூள் உதவும், அதுவும் இல்லாவிட்டால் சோளமாவு. நாயைக் கொஞ்ச நேரம் ஓட விடாதீர்கள். அன்றைக்கு வேலை அவ்வளவுதான்.

இருபது நிமிடத்துக்கு மேலும் நிற்காமல் கசிந்தால் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். உண்ணிக்காய்ச்சல் வந்த நாய்க்கு ரத்தத்தட்டுகள் குறைந்திருக்கலாம், டோபர்மேன் இனத்தில் வான் வில்லிபிராண்ட் என்ற ரத்தம் உறையாத குறைபாடு அதிகம், இப்படிப்பட்ட நாயை வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசிவிட்டுத் தொடங்குவது நல்லது.

நகம் பிளந்திருந்தாலோ, ஆடினாலோ, அடியில் வீங்கிச் சீழ் வைத்திருந்தாலோ மெஷினை எடுக்கவே வேண்டாம். காரணமே இல்லாமல் பல கால்களில் நகம் அடுத்தடுத்து உடைந்து கழன்றாலும் அது வெட்டுகிற பிரச்சினை அல்ல, நோயாக இருக்கலாம், காட்டிவிடுங்கள். எத்தனை பொறுமையாகப் பழக்கினாலும் நடுங்கித் தீர்க்கிற நாய்க்கு, நகம் குறைக்கும் முன் கொடுக்கப் பதற்றம் குறைக்கும் மருந்து மருத்துவர் எழுதித் தருவார். வீட்டில் இருக்கும் மனித மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கும் வேலை மட்டும் கூடாது. மெஷினே வேண்டாம் என்று முடிவு செய்தால், பலகையில் உப்புத்தாளை ஒட்டி, அதை நாயே முன்காலால் பிராண்டப் பழக்கலாம், பின்காலுக்கு இது அவ்வளவு தோதாக வராது.

பழகிய பிறகு வாரம் ஒருமுறை, இல்லையென்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு சுற்று வந்தால் போதும். கரடுமுரடான தரையில் நிறைய நடக்கும் நாய்க்குப் பின்கால் நகம் தானாகவே தேய்ந்திருக்கும், முன்காலையும் கட்டைவிரலையும் மட்டும் பாருங்கள். முடிந்ததும் பாதத்தை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்தத் தூளை நக்கும். டிரம்மில் அடைத்திருக்கும் தூளைப் பழைய பல்துலக்கியால் தட்டி எடுங்கள், வீட்டில் இரண்டு நாய் இருந்து ஒன்றுக்கு நகத்தில் பூஞ்சையோ புண்ணோ இருந்தால் இரண்டுக்கும் தனித்தனி டிரம் வைத்துக்கொள்ளுங்கள்.